நண்பனின் நாற்காலி

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

மயில்துத்தக் கரைசலில் ஓர் இரும்பு ஆணியை இட்டு வைத்தால், சிறிது நேரத்தில் ஆணியின்மேல் செம்பு படிகிறது. கரைசலின் நீல நிறம் மெல்ல வெளிறுகிறது. வினைத்திறன் மிக்க இரும்பு, செம்பை வெளியேற்றிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதனை இடப்பெயர்ச்சி வினை என்பர். இரும்பைக் குறை கூறுவார் யாருமில்லை. அதற்கு மனச்சான்று கிடையாது. ஆனால் மனிதன் தன் நண்பனை வெளியேற்றி அவனிடத்தில் அமர்வது முறையா? பட்டம் பெற்று வேலை தேடப் புறப்படும் நாம் இதனை இப்போதே எண்ணிப் பார்ப்பது நலம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். போட்டி வேறு, வெளியேற்றம் வேறு. நானும் நண்பனும் தேர்வாணையத் தேர்வு எழுதுகிறோம். எனக்கு இடம் கிடைக்கிறது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்காக நான் வருந்தலாம். ஆனால் அவனிடமிருந்து எதையும் பறித்தவன் ஆகேன். அந்த இடம் இருவருக்கும் பொதுவாகத் திறந்திருந்தது.

வேறொரு நிலையைப் பாருங்கள். ஒரு ஜவுளிக் கடையில் நண்பன் மாதம் 14,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி என்னை அழைத்து, "நீ 10,000 ரூபாய்க்கு வருவதானால் அடுத்த மாதமே அவனை நிறுத்திவிடுகிறேன்" என்கிறார். இங்கே காலியிடம் என்பதே இல்லை. என் சம்மதந்தான் அதைக் காலியாக்குகிறது.

இது வெறுங் கற்பனையன்று. 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியரும் ஆசிரியரும், குறைக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளுக்காக வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அலுவலகங்களை நடத்த, 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இளைஞர்கள் தற்காலிகமாக அமர்த்தப்பட்டனர். 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பணிக்குத் திரும்பினர். வெளியே நின்றவரும் நம்மவர். உள்ளே நுழைந்தவரும் நம்மவர்!

"நான் மறுத்தால் இன்னொருவன் வருவான், நண்பனுக்கு என்ன பயன்?" என்று கேட்கலாம். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தந்தையார் மூட்டை சுமக்கிறார். என் முதற் சம்பளத்தை எதிர்பார்த்து வட்டிக் கடன் காத்திருக்கிறது. வந்த வேலையை உதறுவது வசதியுள்ளவருக்கு எளிது; எங்களுக்கு அன்று. ஆயினும், இன்று நண்பனைவிடக் குறைந்த கூலிக்கு நான் போனால், நாளை என்னைவிடக் குறைந்த கூலிக்கு இன்னொருவன் வருவான். அந்த ஏணியின் படிகள் கீழ்நோக்கியே செல்கின்றன.

சட்டமும் இந்நெறியை அறியாததன்று. ஆட்குறைப்பின்போது கடைசியில் வந்தவரை முதலில் அனுப்ப வேண்டும். மீண்டும் ஆளெடுத்தால் வெளியேற்றப்பட்டவருக்கே முதல் வாய்ப்பளிக்க வேண்டும் என்ற விதிகள் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் இடம்பெற்றன. வேலையில் இருப்பவனுக்கு அவ்விடத்தின்மேல் ஓர் உரிமை உண்டு என்பதே இதன் உட்பொருள்.

ஆகவே மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். என் சம்மதத்தால்தான் அவன் வெளியேறுகிறானா? அவன் பெற்றதைவிடக் குறைந்த ஊதியத்திற்கு நான் போகிறேனா? இதனை முன்கூட்டியே அவன் முகம் பார்த்துச் சொல்ல என்னால் முடியுமா? முதல் இரண்டிற்கும் "ஆம்" என்பது விடையானால், பசி கழுத்தைப் பிடித்தாலன்றி அவ்வேலையை ஏற்கலாகாது. ஏற்க நேரினும் மூன்றாவதை விடக்கூடாது. முன்பே சொன்னால், அவன் முதலாளியிடம் பேசிப் பார்க்கலாம், வேறிடம் தேடலாம், இருவரும் சேர்ந்தே போய், ஒரே ஊதியத்தில் இருவருக்கும் வேலை கேட்கலாம். மறைத்தாலோ, வேலையோடு அவன் நம்பிக்கையையும் பறித்தவராவோம்.

வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் பாடினார். நாம் அவற்றை மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டோம். உண்மையான தேர்வு, வேலைக்கான கடிதம் கைக்கு வரும் நாளன்றுதான் தொடங்குகிறது. இருக்கின்ற ஒரு நாற்காலிக்கு ஏழைகள் இருவரை மோதவிடுவோர் எப்போதும் உண்டு. அந்த நாளில், கையெழுத்திடுமுன் நண்பன் வீட்டுக்கு ஒருமுறை நடந்து செல்வோம்.