மூட்டமும் வாயுவும்

கேள்வி: என் தாத்தா வாழைத்தாரைக் குழியில் வைத்து மூட்டம் போட்டுத்தான் பழுக்க வைப்பார். இப்போது மண்டிகளில் ஏதோ வாயு விடுகிறார்களாமே, அது விஷமில்லையா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: பயப்படாதீர்கள். தாத்தாவின் புகையில் வேலை செய்ததும் அதே வாயுதான். அதன் பெயர் எத்திலீன். பழமே அதைச் சுரக்கும். சுரந்தது மேலும் சுரப்பைத் தூண்டும். அதனால்தான் சீப்பில் ஒன்று கனிந்தால் மற்றவையும் வரிசையாகக் கனிகின்றன. பழுக்க வைக்கும் அறைகளில் பத்து லட்சம் பங்கு காற்றுக்கு 100 பங்கு வரை எத்திலீன் விட இந்தியாவில் அனுமதி உண்டு. தடை செய்யப்பட்டது கார்பைடு கல். அதிலிருந்து வருவது அசிட்டிலீன். ஆர்சனிக், பாஸ்பரஸ் அழுக்குகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். குழப்பம் அங்கேதான்.

பழுப்பதைத் தள்ளிப்போட வேண்டுமா? குளிர்ச்சி உதவும், ஆனால் வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே ஆகாது. தோல் கறுக்கும், காய் பிறகு ஒழுங்காகப் பழுக்காது. (காயை ஃபிரிட்ஜில் வைத்த அனுபவம் எனக்கும் உண்டு!) தூரதேசம் போகும் பெட்டிகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொட்டலம் போடுவதுண்டு, எத்திலீனை அது தின்றுவிடும். வீட்டில், கனிந்த பழத்தைக் காய்களிடமிருந்து பிரித்து வையுங்கள்.