கோழி பொரித்தது, மிஷின் ஏன் பொரிக்கவில்லை?

கேள்வி: டாக்டர், சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். தெர்மாக்கோல் பெட்டியில் பல்பு மாட்டிச் செய்த இன்குபேட்டரில் 40 முட்டை வைத்தேன், 13 தான் பொரித்தது. அதே வாரம், அதே கோழிகளின் முட்டை பத்தை அடைக்கோழிக்குக் கீழே அவயத்தில் வைத்தேன், ஒன்பது குஞ்சு இறங்கிவிட்டது. மிஷினில் பொரிக்காததை உடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் முழுக் குஞ்சாகிச் செத்துக் கிடக்கிறது. டிஸ்பிளேயில் 37.5 தான் காட்டியது. எங்கே தப்பு?
- வாசகி, தாராபுரம்

பதில்: உடைத்துப் பார்த்தீர்களே, நல்ல காரியம். பலர் எல்லாவற்றையும் கூமுட்டை என்று குப்பைக்குழியில் போட்டுவிட்டுச் சேவலைக் குறை சொல்வார்கள். உங்கள் சேவலிடம் குறை இல்லை என்பதை அடைக்கோழியே காட்டிவிட்டது.

கரு பெரும்பாலும் இரண்டு கட்டங்களில் சாகும். ஒன்று முதல் வாரம்: உடைத்தால் ரத்த வளையம் மட்டும் தெரியும். முட்டையை நாள்கணக்கில் தேக்கி வைத்தது, சூடு ஏறி இறங்கியது போன்றவை அதற்குக் காரணம். இன்னொன்று கடைசி மூன்று நாள். உங்களுடையது இந்த வகை. இதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரப்பதத்தை.

ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே முட்டை 18 நாளில் தன் எடையில் 12 முதல் 14 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். அந்த இடத்தில்தான் அகன்ற முனையின் காற்றறை பெரிதாகிறது. 20ஆம் நாள் வாக்கில் குஞ்சு அலகால் அந்த அறையைக் குத்தித்தான் முதல் மூச்சை எடுக்கிறது, ஓட்டை உடைப்பது அதற்கு அப்புறம். பெட்டியில் ஈரம் கூடிப்போனால் காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதிப்போய் நீரும் கொழகொழப்புமாகச் செத்திருக்கும். ஈரம் குறைந்தால் உள்ஜவ்வு காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ள, குஞ்சால் திரும்ப முடியாது. உங்கள் குஞ்சுகள் எப்படி இருந்தன என்று எழுதவில்லை. அடுத்த முறை அதைக் கவனியுங்கள். ஈரப்பதம் முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், அதன்பின் 65 முதல் 70. ஈரப்பதமானி கையில் இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும்: வைக்கும்போது 40 கிராம் இருந்த முட்டை 18ஆம் நாள் 35 கிராம் அளவில் நிற்க வேண்டும். நிறையக் குறைந்திருந்தால் தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்குங்கள், குறையவே இல்லையென்றால் சிறிதாக்குங்கள்.

அடுத்தது அந்த 37.5. ஃபேன் உள்ள பெட்டிக்கு அது சரியான அளவு. ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே தேங்கி நிற்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.3 முதல் 38.8 வரை இருக்க வேண்டும். சென்சார் பல்புக்குப் பக்கத்தில் தொங்கினால் டிஸ்பிளே சொல்வது பல்பின் சூட்டை. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை முட்டை மேல் வைத்து ஒத்துப் பாருங்கள், இந்தச் சூட்டை அளக்க அது நம்பகமானது. குஞ்சு 21ஆம் நாளுக்கு முந்தி அவசரமாக இறங்கினால் சூடு அதிகம், 22, 23 என்று இழுத்தால் குறைவு.

கோழி ஒரு நாளில் எத்தனையோ தடவை முட்டையைப் புரட்டும். நீங்கள் மூன்று அல்லது ஐந்து தடவையாவது புரட்டுங்கள். ஒற்றைப்படையில் புரட்டினால் நீண்ட இரவில் ஒரே பக்கம் தினமும் மேலே இருக்காது. 18ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

அதற்குப் பிறகு மூடியைத் தொடாதீர்கள். சொன்னால் யாரும் கேட்பதில்லை. கீச் என்று ஒரு சத்தம் வந்ததும் வீடே கூடி மூடியைத் திறந்து மொபைலில் வீடியோ எடுக்கிறது. வெளிக்காற்று பட்டதும் ஜவ்வு காய்ந்துவிடும். ஓட்டில் துளை விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர 24 மணி நேரம் வரை ஆகலாம். ‘பாவம்’ என்று ஓட்டை உரித்துவிட்டால், ஜவ்வில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் கசியும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது. அந்த மஞ்சள் கரு உள்ளே போய்விட்டால் இரண்டு நாளைக்குக் குஞ்சுக்குத் தீனியே வேண்டாம். ஆகவே முதலில் இறங்கிய குஞ்சை வெளியே எடுக்க அவசரமும் இல்லை.

கேள்வி: இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போடச் சொல்கிறார் எங்கள் அப்பத்தா. உண்மையா?
- கல்லூரி மாணவர், பழனி

பதில்: போடுங்கள், அப்பத்தா மனம் குளிரட்டும், கெடுதல் ஒன்றும் இல்லை. இடிச் சத்தத்தில் கரு சாகாது. ஆனால் இடியோடு கரண்ட் போகும், மிஷின்காரருக்கு அதுதான் கவலை. ஓரிரு மணி நேரம் சூடு இறங்கினால் கரு பெரும்பாலும் தாங்கும். அடைக்கோழியே தினமும் தீனிக்கும் தண்ணீருக்கும் கால் மணி நேரம்போல எழுந்து போகிறதே. மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போடுங்கள். நேரம் நீண்டால் வெந்நீர்ப் பாட்டில் வைக்கலாம். குளிர்ச்சியைவிட அதிகச் சூடுதான் பொல்லாதது. அறையே 39 டிகிரி கொதிக்கும் மே மாதத்தில் தெர்மாஸ்டாட் பல்பை அணைக்கத்தான் முடியும், பெட்டியைக் குளிர்விக்க முடியாது. கோடையில் பெட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றுங்கள். சேர்த்து வைக்கும் முட்டைக்கும் இதே கதி: ஈர மணல் பரப்பிய மண்சட்டியில் சாக்கு விரித்து, அகன்ற முனை மேலே இருக்கும்படி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், கழுவாதீர்கள்.

கேள்வி: கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பது சரியா?
- வாசகர், மணப்பாறை

பதில்: இல்லை. ஓடு உருவாகும் முன்பே பாலினம் முடிவாகிவிடுகிறது. பறவைகளில் அதை முடிவு செய்வதும் தாய்தான்.

கேள்வி: கோழி கொர்கொர் என்று கூட்டைவிட்டு எழ மாட்டேன் என்கிறது. அடை வைக்க இப்போது எனக்கு முட்டை இல்லை. மூக்கில் இறகைக் குத்தினால் தெளியும் என்கிறார்களே?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: தயவு செய்து வேண்டாம், அது வெறும் சித்திரவதை. அடி வயிற்றில் காற்று படும்படி கம்பிவலைத் தரையுள்ள கூண்டில், வெளிச்சமான இடத்தில், தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் விடுங்கள். பெரும்பாலான கோழிகள் தெளிந்துவிடும், ஓரிரு வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அடைக்கு உட்காரும் கோழி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. முட்டைக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்த வெள்ளை லெகார்னிடம் அந்தக் குணமே அநேகமாக அற்றுப்போய்விட்டது. பக்கத்தில் யாரிடமாவது மிஷின் இருந்தால் கோழியை இரண்டு மூன்று வாரம் கூமுட்டை மேலேயே உட்கார விட்டு, பொரித்து இரண்டு நாள் தாண்டாத குஞ்சுகளை வாங்கி வந்து, நன்றாக இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக இறக்கைக்குக் கீழே நுழைத்து, பழைய முட்டையை எடுத்துவிடுங்கள். குஞ்சுகளுக்குச் சூடு காட்ட பல்பு, 35 டிகிரி, வாரம் மூன்று டிகிரி குறைப்பது என்ற வேலையெல்லாம் மிச்சம். பருந்து வந்தால் குரல் கொடுக்கவும் ஆள் இருக்கும். விடிந்ததும் போய்ப் பாருங்கள். கோழி கொத்தினால் உடனே குஞ்சுகளைப் பிரித்து பல்புக்குக் கீழே விடுங்கள். ஏற்றுக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் ஏழாம் நாள் ராணிக்கெட் சொட்டு மருந்து தவறக் கூடாது.