மோட்டார் வாங்கச் சொல்லும் முன்

திருவள்ளூரில் கார் ஒயரிங் பழகும் தம்பிக்கு,

உன் ஊர்ப் பக்கத்து அதிகத்தூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. பிறகு பஜேரோ, பஜேரோ ஸ்போர்ட் போன்ற பெரிய வண்டிகளும் பாகங்களாக வந்து அங்கே முழு உருப்பெற்றன. மிட்சுபிஷி இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்திவிட்டது; ஆனால் அந்த வண்டிகள் கை மாறி கை மாறி இன்னும் ஓடுகின்றன. மின் இருக்கை உள்ள எந்தப் பழைய வண்டியும் ஒருநாள் "சீட் நகரல" என்ற புகாரோடு பட்டறைக்கு வரும்.

அப்போது பலரும் முதலில் சொல்வது "மோட்டார் போச்சு" என்பதுதான். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு.

சுவிட்சை அழுத்திக்கொண்டே ரூஃப் லைட்டைப் பார். வெளிச்சம் மங்கினால் மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது, எதுவோ இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். இருக்கை நகரும் சேனலில் விழுந்த நாணயம், காய்ந்து கெட்டியான கிரீஸ், சிக்கிக்கொண்ட கியர் என்று அந்தப் பக்கம் தேடு. கொஞ்சமும் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் ஃபியூஸ், சுவிட்ச், கப்ளர், எர்த் என்ற வரிசையில் போ.

இந்த வட்டாரத்தில் எர்த் மீதுதான் அதிகச் சந்தேகம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என இரண்டு முறை இங்கே கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. மேட் காய்ந்துவிடும், அதன் அடியில் இருக்கும் எர்த் போல்ட் துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். இருக்கைக்கு அடியில் உள்ள கப்ளரில் பச்சை பூத்திருக்கும். கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கத்து உப்புக்காற்று அதை இன்னும் கெடுக்கும்.

இங்கேதான் மீட்டர் ஏமாற்றும். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் லோடு இல்லாதபோது 12 வோல்ட் முழுதாகக் காட்டும். துருப்பிடித்த இணைப்பில் 0.3 ஓம் தடை இருந்து, மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். அதனால் சுவிட்சை ஒருவரை அழுத்தச் சொல்லி, மோட்டாரின் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகடிவுக்கும் இடையே அள. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து இறுக்கு. எலி கடித்த எர்த் ஒயரையும் இதே அளவை காட்டிக்கொடுக்கும்.

சுவிட்சில் ஒரு நுணுக்கம் உண்டு. பல வண்டிகளில் அழுத்தாதபோது மோட்டாரின் இரண்டு ஒயரும் எர்த்தில்தான் இருக்கும். அழுத்தும் திசைக்கு ஏற்ப ஒன்று மட்டும் 12 வோல்ட்டுக்கு மாறும். இருக்கை முன்னே போய், பின்னே வர மறுத்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சுவிட்சின் ஒரு பக்கக் காண்டாக்ட் கருகியிருக்கும். எல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால் கப்ளரைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட ஒயரால் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடு. அப்போதும் சுழலாத மோட்டாரைத்தான் மாற்ற வேண்டும்.

இருக்கைக்கு அடியில் மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அதைத் தொடவே கூடாது. மல்டிமீட்டரும் டெஸ்ட் லேம்ப்பும் அதன் பக்கமே போகக் கூடாது.

பழைய பஜேரோவுக்கு இருக்கை மோட்டார் தேடி அலைவது வண்டிக்காரருக்குப் பெருஞ்செலவு. ஆகவே தம்பி, அவரை அருகே அழைத்து மீட்டரில் அந்த வோல்ட்டைக் காட்டிவிட்டு, அப்புறம் விலை பேசு.