முதலில் எஸ்கேப்பை அழுத்துங்கள்

குரும்பலூர் அரசு கலை அறிவியல் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ கணினி வேலைக்குப் போகிறவர்கள், சீக்கிரமே ஒரு கறுப்புத் திரை முன்னால் உட்கார வேண்டியிருக்கும். எங்கோ இருக்கும் லினக்ஸ் சர்வரில் ஒரு கோப்பைத் திருத்தச் சொல்வார்கள். மவுஸுக்கு அங்கே வேலை இல்லை. இருப்பது விம், அல்லது அதன் மூத்தவரான விஐ. தட்டினால் எழுத்து விழாது, கர்சர் எங்கோ ஓடும், வெளியே வரவும் வழி தெரியாது. வெட்கப்பட ஒன்றுமில்லை. விம்மை விட்டு வெளியேறுவது எப்படி என்ற ஒரே கேள்வியை 10 லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று 2017இலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அறிவித்தது.

எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். செய்த மாற்றத்தைச் சேமிக்காமல் வந்துவிடலாம். சேமிக்க வேண்டுமானால் கோலனுக்குப் பிறகு டபிள்யூ, க்யூ, என்டர்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒரு பழைய கருவி. பில் ஜாய் 1976இல் பெர்க்லியில் விஐயை எழுதியது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில். அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்லை; எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அவை அச்சிடப்பட்டிருந்தன. அதனால் ஒரே விசைக்கு இரண்டு வேலை: நார்மல் நிலையில் கட்டளை, இன்சர்ட் நிலையில் எழுத்து. எஸ்கேப் அப்போது இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும்படி இருந்தது. இப்போது மூலைக்குப் போய்விட்டது. கை நகர மறுத்தால் கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்பை அழுத்துங்கள், அதே வேலைதான்.

புதியவர்கள் ஐயைத் தட்டி இன்சர்ட்டுக்குள் போய் அங்கேயே குடியேறிவிடுகிறார்கள். நடுவில் அம்புவிசையைத் தொடாமல் ஒரே மூச்சில் தட்டியது முழுவதும் ஒரு யு அழுத்தினால் காணாமல் போகும். ஒரு வரி முடிந்ததும் எஸ்கேப் என்று வைத்துக்கொண்டால் போவது அந்த வரி மட்டும்தான். கடைசி மாற்றத்தை வேறோர் இடத்தில் திரும்பச் செய்ய ஒரு புள்ளி போதும் என்பது கூடுதல் லாபம். யோசிக்கும் நேரமெல்லாம் நார்மலில் இருங்கள்.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஆங்கில வழிகாட்டிகள் அதைச் சொல்வதில்லை. தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் எச், ஜே, கே, எல் என்பவை க, ப, ம, த. எஸ்கேப் அழுத்தி நார்மலுக்கு வந்தாலும் விம்முக்குப் போய்ச் சேர்வது 'ப'தான்; கர்சர் அசையாது. ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் நிலை மாற்றுவது வதை. விம்முக்குள்ளேயே கீமேப் என்ற வசதி இருக்கிறது: எந்த விசைக்கு எந்த எழுத்து என்று ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்தால், இன்சர்ட்டில் தமிழ் விழும், நார்மலில் கட்டளைகள் ஆங்கிலத்திலேயே நிற்கும். இன்சர்ட்டில் இருந்தபடியே மொழி மாற்ற, நம் வழக்கமான விசைப்பலகையில் பெரும்பாலும் கன்ட்ரோலும் 6உம் போதும்.

சேர்ந்த அன்றே டெர்மினலில் விம்டியூட்டர் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். அரை மணி நேரப் பாடம், இலவசம். கேப்ஸ் லாக் எரிகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஜே கீழ்வரியை இழுத்து மேல்வரியோடு ஒட்டிவிடும்.