வரித்தலை வாத்தும் ஏரிப் பாசன நிலங்களும்

மார்கழி, தை மாதங்களில் ஏரியை அடுத்து நிலமுடையோர் சிலர், இருட்டிய பின் ஆகாயத்தில் "ஆங், ஆங்" என்று மூக்கொலியுடன் செல்லும் பறவைக் கூட்டத்தைக் கேட்டிருக்கக்கூடும். அவை வரித்தலை வாத்துகளாகும். அடையாறு நதி கடலோடு கலக்குமிடத்தில் உள்ளான்களும் கொக்குகளும் மலிந்திருப்பினும், இப்பறவையை அங்கே எளிதில் எதிர்பார்ப்பதற்கில்லை. உப்பங்கழியைவிட நன்னீர் ஏரியும், அருகே மேய்வதற்குப் புல்லும் அறுவடையான வயலுமே இதற்கு வேண்டுவன. அரியலூர் ஜில்லா கரைவெட்டி ஏரியும், திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரித் தாலுகா கூந்தன்குளமும் இது வந்து தங்கும் இடங்களில் முக்கியமானவை.

இதனை அடையாளங் காண்பது கடினமன்று. உடல் வெளிர் சாம்பல் நிறம், தலை வெண்மை. பிடரிப்புறத்தில் இரண்டு கரும்பட்டைகள் குறுக்கே அமைந்துள்ளன. பெயருக்குக் காரணம் இவையே. அலகும் கால்களும் மஞ்சள் கலந்த செந்நிறமுடையன. எடை சுமார் 2 முதல் 3 கிலோ. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே தோன்றும். இளம் பறவைகளுக்கு இப்பட்டைகள் இரா.

இதன் தாயகம் திபெத்து, மங்கோலியா, லடாக்கு ஆகிய பிரதேசங்களின் உயர்ந்த ஏரிக்கரைகள். அங்கே தரையில் தன் மென்சிறகுகளைப் பரப்பிய கூட்டில் பெரும்பாலும் 4 முதல் 6 முட்டைகள் இடும். பெண் பறவை ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்க, ஆண் பறவை அருகே காவல் நிற்கும். குஞ்சுகள் பொரித்தவுடனே நடந்து புல் மேயத் தொடங்கிவிடும்.

குளிர் மிகும்போது இவை இமயமலையைக் கடந்து தெற்கே வருகின்றன. கருவிகள் பொருத்தி ஆராய்ந்ததில், ஒரு பறவை 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது பதிவாகியுள்ளது. எனினும் இவை வீணாக உயர எழுவதில்லை. மலைச்சரிவை ஒட்டியே ஏறியிறங்கிச் செல்வனவாம். காற்று அமைதியாயும் குளிர்ந்து அடர்த்தியாயும் இருக்கும் இரவு, விடியற்காலை நேரங்களையே பெரும்பாலும் தேர்ந்துகொள்ளுகின்றன. பிராணவாயு குறைந்த இடத்திலும் அதனை விரைந்து பற்றிக்கொள்ளும் தன்மை இவற்றின் இரத்தத்திற்கு உண்டு. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை இடப்பட்ட பறவைகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டமை இப்பயணத்திற்குத் தக்க சான்று.

இனி விவசாயிக்கு உரிய விஷயம். பகலில் இவ்வாத்துகள் ஏரியின் நடுவிலோ மணல் திட்டிலோ ஓய்ந்திருந்து, மாலைக்குப் பின் வயலுக்கு வரும். அறுவடையான வயலில் உதிர்ந்த நெல்லையும், தாளடியில் முளைக்கும் புல்லையும் தின்பதால் நஷ்டமில்லை. எச்சம் நிலத்திற்கு எருவாகவும் ஆகும். ஆனால் இளம் பயிர் இருக்குமானால் கூட்டமாக இறங்கி முனையைக் கிள்ளித் தின்றுவிடும். வட இந்தியாவில் கோதுமை, கடலைப் பயிர்களுக்கு இவ்விதச் சேதம் உண்டு. பின்பட்டத்தில் நடவு செய்தோர் இரண்டொரு வாரம் இரவுக் காவல் வைத்தால் போதுமானது. மனித நடமாட்டம் கண்டால் இப்பறவை இறங்குவதில்லை. நஞ்சு கலந்த தானியம் இறைப்பது அறிவீனம். அது மாட்டையும் வீட்டு வாத்தையும் முதலில் கொல்லும். 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

இதனினும் பெரிய அபாயம் நோய். 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான பறவைகள் மாண்டன; அவற்றுள் வரித்தலை வாத்துகளே மிகுதி. 2020-ஆம் வருஷ முடிவில் இமாசலப் பிரதேசத்துப் போங் அணைநீர்த் தேக்கத்திலும் அவ்வாறே நேர்ந்தது. அறுவடை வயல்களில் வாத்துக் கூட்டங்களை மேய்ப்போர், காட்டு வாத்துகள் தங்கும் நீரில் தம் பறவைகளை இறக்காமல் இருப்பது நலம். செத்த பறவையைக் கையால் தொடாமலும், நாய்க்கு இடாமலும், கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் கால்நடை மருத்துவருக்கு அன்றே செய்தி சொல்லவேண்டும். ஒன்றிரண்டு தானே என்று புதைத்துவிடுவது வழக்கமாயிருந்தால், அவ்வழக்கம் கைவிடத்தக்கது.

கூந்தன்குளத்தார் பறவைகளைத் தம் ஊர்ச் சொத்தாகவே கருதி வருகின்றனர். கோடையில் ஏரி வற்றியபின் எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலில் இடுவதும் அவர்தம் வழக்கம். அவ்வேரி 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழை பொய்த்து ஏரி நிறையாத வருஷங்களில் வாத்துகள் அங்கு நிலைப்பதில்லை. ஏனைய ஏரிகளிலும் வரத்துக் கால்வாய் தூர்ந்து நீர் குறையுமானால், இப்பறவைகள் முதலில் விலகும். அடுத்த போகத்துக்கு நீர் போதாமை அப்புறமே வெளிப்படும். ஆகவே கிராம அதிகாரிகள் ஆண்டுதோறும் தை மாதத்தில் தங்கும் பறவைகளின் தொகையையும் ஏரி நீரின் மட்டத்தையும் ஒரே ஏட்டில் குறித்து வைப்பது பயனுடையது. பங்குனிக்குள் இவை வடக்கே திரும்பிவிடும்.