பராமரிப்பு இல்லங்களில் வெந்நீர்ப் பாதுகாப்பு

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதியும் காலைக் குளியலுக்கு வெந்நீர் தேவைப்படுகிறது. கர்நாடக அரசு 2007ஆம் ஆண்டில் மருத்துவமனைகள், விடுதிகள், குடியிருப்புகள் உள்ளிட்ட பல வகைக் கட்டடங்களில் சூரிய வெந்நீர்ச் சாதனம் பொருத்துவதைக் கட்டாயமாக்கியது. இதனால் மின்சாரம் மிச்சமாகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும், முதியோரையும் உடற்குறை உடையோரையும் பேணும் இல்லங்களில் இச்சாதனத்தைத் தனிக் கவனத்துடன் கையாள வேண்டும்.

சூட்டின் அளவு

மின்சாரக் கீசரில் வெப்பம் குறித்த அளவை எட்டியதும் மின்னோட்டம் தானே நின்றுவிடும். சூரிய ஒளியை அவ்வாறு நிறுத்த இயலாது. வெயில் மிகுந்து, நீர்ச் செலவு குறைந்த நாட்களில் தொட்டி நீரின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டி 80 டிகிரி வரையிலும் உயரக்கூடும். மேலும், குழாயில் தங்கிய நீர் முதலில் குளிர்ச்சியாகவே வரும். அதைத் தொட்டுப் பார்த்து நம்பியவர் மீது பின்னர் கொதிநீர் பாயும்.

மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1947இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 60 டிகிரி நீர் சுமார் 5 விநாடிகளில் தோலை ஆழமாகப் புண்படுத்தும். 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். நலமுடையவர் கையை உடனே இழுத்துக்கொள்வார். பக்கவாதமுற்றவர், நீரிழிவால் கால் மரத்தவர், மறதி நோயாளி ஆகியோருக்கு அந்த 5 விநாடிகள் போதா. முதியோரின் தோல் மெலிந்திருப்பதால் புண் மேலும் ஆழமாகும்.

தடுப்பு முறைகள்

தொட்டியின் வெப்பத்தைக் குறைப்பது தீர்வாகாது. வெதுவெதுப்பான தேக்கத்தில் லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகும். ஆதலின் தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும். குழாய் முனையில் அதைத் தணிக்க வேண்டும். தன்னியக்கக் கலப்பு வால்வு இப்பணியைச் செய்கிறது. பிரிட்டனில் பராமரிப்பு இல்லங்களின் குளியல் நீருக்கு 44 டிகிரியே உச்ச வரம்பு.

வால்வு இல்லாத இடங்களில் வாளியில் முதலில் தண்ணீரையும் பின்னர் வெந்நீரையும் ஊற்றி விளாவ வேண்டும். நன்கு கலக்கியபின் வெப்பமானியால் அளந்து, 40 டிகிரிக்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிப்பவரைத் தனியே விட்டுச் செல்லலாகாது. சுட்டுவிட்டால், அவ்விடத்தில் 20 நிமிடங்கள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, தூய துணியால் மூடி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மை, பற்பசை, பனிக்கட்டி ஆகியவை கூடா.

அலுவலர் கடமை

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, முதியோர் இல்லங்களுக்கான தரங்களை வகுக்க மாநில அரசுகளுக்கு இடமளிக்கிறது. குளியல் நீரின் வெப்ப வரம்பும் அத்தரங்களுள் ஒன்றாதல் தகும். பார்வையிடச் செல்லும் அலுவலர் பதிவேடுகளைச் சரிபார்ப்பதோடு, குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு வெப்பமானியைப் பிடித்துப் பார்க்கட்டும். அபாயம் உண்டா, இல்லையா என்பதை அதுவே சொல்லிவிடும்.