வேலைத் தலத்தில் மனநலம்

பெங்களூரு நகரில் கோரமங்கலாவை அடுத்து அமைந்துள்ளது ஈஜிபுரா. கணினி நிறுவனப் பணியாளர், காவற்காரர், வீட்டு வேலை செய்வோர், உணவுப் பொட்டலங்களை வண்டியில் கொண்டு சேர்ப்போர் எனப் பல திறத்தாரும் அங்கு நெருங்கி வாழ்கின்றனர். சில கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞானக் கழகம் இருக்கின்றது. 1954-ல் நிறுவப்பெற்ற அகில இந்திய மனநலக் கழகமும், அதனினும் பழமையான அரசாங்க மனநோய் மருத்துவமனையும் 1974-ல் இணைந்து இக்கழகம் உருவாயிற்று.

மருத்துவமனை அண்மையில் இருப்பது ஒன்று. நோயுற்றவர் அங்குச் சென்றடைவது வேறொன்று. 2015-16-ல் இக்கழகம் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் ஏதேனும் ஒரு மனக்கோளாற்றினால் அவதியுற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை.

ஒருவர் நாள்தோறும் எட்டு, பத்து மணி நேரம் பிறர் பார்வையில் இருப்பது வேலைத் தலத்திலேயாம். ஆதலின் மாறுதல் பெரும்பாலும் அங்கேயே தென்படுகின்றது. நேரந் தவறாதவர் தாமதித்து வருகிறார். கணக்கில் பிழை செய்யாதவர் ஒரே கூட்டலை மும்முறை போடுகிறார். எல்லோருடனும் உண்பவர் தனித்து உண்கிறார், அல்லது உண்பதேயில்லை. தூக்கமின்மை, எளிதிற் சினங்கொள்ளுதல் ஆகியனவும் அடையாளங்களே. ஒரு நாள் நிகழ்வது பொருட்டன்று. இரு வாரங்கள் நீடிப்பின் கவனித்தல் வேண்டும். ஆயின் இம்மாறுதல் சோம்பல் என்றே பதிவேட்டில் ஏறுகிறது. விளக்கங் கேட்டுக் குறிப்பாணை செல்கிறது. அச்சம் மிகுந்து நோய் முற்றுகிறது. சிலருக்கு வேலையே போய்விடுகிறது.

நிபுணரல்லாதார் இவற்றைக் கண்டறிய இயலுமோ என்னும் ஐயம் புதிதன்று. 1970-களின் நடுவில், பெங்களூருக்குத் தெற்கேயுள்ள சகலவாரா கிராமத்தில் நிம்ஹான்ஸ் தொடங்கிய பணி அதற்கு விடை கூறியது. ஆரம்ப சுகாதார ஊழியர் குறுகிய காலப் பயிற்சியினாலேயே நோயாளரை இனங்கண்டு மருத்துவரிடம் அனுப்பக் கற்றனர். அம்முறை பெல்லாரி மாவட்டத்தில் விரிவாகச் சோதிக்கப்பெற்று, 1996-ல் மாவட்ட மனநலத் திட்டத்திற்கு அடிப்படையாயிற்று.

மேற்பார்வையாளரும் தலைமையாசிரியரும் செய்யக்கூடியது அதனினும் எளிது. சம்பந்தப்பட்டவரைத் தனியிடத்தில் சந்திக்க வேண்டும். “உமக்கு என்ன நோய்?” என்று வினவலாகாது. “சில நாட்களாகத் தாங்கள் சோர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது, வேலையில் எதை மாற்றினால் உதவியாயிருக்கும்?” என்று கேட்டுவிட்டு, மறுமொழி வரும்வரை பொறுத்திருத்தல் நன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என நேராகக் கேட்டால் அவ்வெண்ணம் எழுந்துவிடும் என அஞ்சுதல் தவறு. உண்டென்று கூறுபவரைத் தனியே விடலாகாது. 2022 அக்டோபர் 10-ல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கேட்டறிந்த செய்தி சக ஊழியர் காதுக்கு எட்டுமாயின், அடுத்தவர் வாய் திறக்கமாட்டார்.

வேலைச் சுமையையும் ஆராய்தல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் வெளியிட்ட நெறிமுறைகள், மேலாளர் பயிற்சியோடு வேலையமைப்பின் திருத்தத்தையும் பரிந்துரைக்கின்றன. மூவர் வேலையை ஒருவர்மீது சுமத்திவிட்டு, ஆண்டிற்கொருமுறை தியானச் சொற்பொழிவு ஏற்பாடு செய்வதனால் விளையும் பயன் சொற்பம்.

அரசு ஊழியருக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் மனநோயையும் உட்கொண்டது. பணிக்காலத்தில் இயலாமைக்குட்பட்டவரை அரசு நிறுவனம் நீக்குதலோ பதவியிறக்குதலோ கூடாதென அதன் 20-ம் பிரிவு விதிக்கின்றது. வகித்த பதவிக்குப் பொருந்தாதவராயின், அதே சம்பள விகிதத்தில் வேறு பதவிக்கு மாற்றுதல் வேண்டும்.